கத்திக்கு முன்னும் பின்னும்

(தென்மாவட்ட நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்தில், குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைக் கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரிதான் போட்டிருக்கிறார்கள்: 'குழந்தைகளின் அரிய, சிக்கலான அறுவை நோய்களும் புற்றுநோய்களும்'. இதைப் பார்த்த பிறகும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் உங்களைப் பாராட்ட வேண்டும். எல்லா நோயையும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு கட்டியைப் பிடித்துக்கொண்டு பேசப் போகிறேன். மற்றவை ஊடே வந்து போகும்.

குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் அந்தக் கட்டிக்கு வில்ம்ஸ் கட்டி என்று பெயர். பெரும்பாலும் மூன்று, நான்கு வயதில் தெரியவரும். பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு வரும் என்பது உலக அளவிலான கணக்கு. ஆண்டுக்கு எட்டொன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கும் நம் மாநிலத்துக்கு இதைப் பொருத்தினால் எண்பது தொண்ணூறு பிள்ளைகள் வரலாம். அரிய நோய் என்று சொல்வது இதைத்தான். ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று. ஒரு பொது மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றிரண்டு பார்த்தால் அதிகம். பார்க்காமலே ஓய்வு பெற்றாலும் ஆச்சரியமில்லை.

இதைக் கண்டுபிடிப்பது மருத்துவர் இல்லை. பத்துக்கு எட்டு வீட்டில் அம்மாதான் கண்டுபிடிக்கிறாள் என்று என் அனுபவத்தில் தயங்காமல் சொல்வேன். குளிப்பாட்டும்போது, பாவாடை நாடாவைக் கட்டும்போது, டிரவுசரை மாட்டும்போது வயிற்றின் ஒரு பக்கத்தில் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். ஓடும், விளையாடும், சாப்பிடும். வலி என்று சொல்லாது. சிலருக்குச் சிறுநீரில் இரத்தம் போகும், சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கும். நான்கு வயதுக் குழந்தைக்கு பி.பி. பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லாததால் அது யாருக்கும் தெரிவதில்லை.

அம்மாவுக்கு அடுத்தபடி கண்டுபிடிப்பது ஆச்சி. ஒரு ஆச்சி என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "தம்பி, பிள்ளைக்கு வயிறு பொம்முனு இருந்துச்சு. குடலேத்தமா இருக்கும்னு வெளக்கெண்ணெ போட்டு வழிச்சு விட்டேன். கல்லு மாதிரி என்னமோ கையில தட்டுச்சு. சரி, கரையட்டும்னு நாலு நாளு வழிச்சேன்." அந்த ஆச்சியின் கையில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தக் கட்டி மெல்லிய உறைக்குள் இருக்கிறது. உறை கிழிந்தால் புற்றணுக்கள் வயிறு முழுக்கச் சிதறும். அறுவை சிகிச்சையோடும் இரண்டு மருந்தோடும் முடிந்திருக்க வேண்டிய நோய், மூன்று மருந்து, அதற்குமேல் கதிர்வீச்சு என்று போய்விடும். நம் ஊரில் அதைக் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். ஆகவே என் முதல் வேண்டுகோளை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிள்ளை வயிற்றில் கெட்டியாக எதுவும் தட்டுப்பட்டால் வழிக்காதீர்கள், அமுக்காதீர்கள், சூடு போடாதீர்கள். மருத்துவக் கல்லூரிகளில்கூட, அப்படி ஒரு குழந்தை வார்டில் இருந்தால் 'வயிற்றைத் தொட்டுப் பார்க்காதே' என்று கட்டில் தலைமாட்டில் எழுதித் தொங்கவிடும் வழக்கம் உண்டு. மாணவர்கள் நாற்பது பேர் வரிசையாக அமுக்கிப் பார்த்தால் என்ன ஆகும்?

இனி மருத்துவமனைக்குள் போவோம். கட்டி என்று தெரிந்தவுடன் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப சார் ஆபரேசன்?" என்பதுதான். பாதிப் பேருக்கு, "இப்போது இல்லை" என்பதுதான் பதில். அதைக் கேட்டதும் முகம் மாறும். 'இவருக்குச் செய்யத் தெரியவில்லை போலிருக்கிறது' என்று பக்கத்து ஊரில் உடனே செய்து தருகிறேன் என்பவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. அப்படி ஓடி, பாதிக் கட்டியை எடுத்து மீதியை உள்ளே விட்டுத் தைத்த வயிற்றோடு திரும்பி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. குழந்தைப் புற்றுநோயில் முதல் அறுவைக்குள்ள வாய்ப்பு இரண்டாவதற்குக் கிடையாது என்பதைச் சொல்லத்தான் இதைச் சொன்னேன்.

ஏன் உடனே செய்யக்கூடாது? இந்தக் கேள்வியை வைத்து அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஐம்பது ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கின்றன. 1969இல் அமெரிக்காவில் தேசிய வில்ம்ஸ் கட்டி ஆய்வுக் குழு தொடங்கியது. கட்டியை முதலில் எடு, திசுவைப் பரிசோதித்து நோய் எந்த நிலை என்று துல்லியமாகத் தெரிந்துகொள், பிறகு மருந்து கொடு என்பது அவர்கள் கட்சி. அதே 1969இல் ஐரோப்பிய மருத்துவர்கள் குழந்தைப் புற்றுநோய்க்கென ஒரு பன்னாட்டுச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். சுருக்கமாக அதை 'சியோப்' என்போம். நான்கு வாரம் மருந்தை ஏற்றிக் கட்டியைச் சுருக்கு, உறை கெட்டிப்படட்டும், பிறகு கத்தியை எடு என்பது இவர்கள் கட்சி. முதல் கட்சிக்காரர்கள், "திசுவைப் பார்க்காமல் மருந்து கொடுத்தால் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குப் புற்றே இல்லாத கட்டிக்குக் கீமோ கொடுத்துவிடுவீர்களே" என்றார்கள். "ஊசி குத்தித் திசு எடுத்தாலும் உறை கிழிந்ததாகத்தானே நீங்களே கணக்கு வைக்கிறீர்கள்" என்றார்கள் இரண்டாம் கட்சிக்காரர்கள். இரு தரப்பும் நேர்மையாகக் கணக்கு வைத்ததுதான் இந்தச் சண்டையின் அழகு. கடைசியில் பிழைக்கும் குழந்தைகளின் விகிதம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். சாதாரண வகைக் கட்டி என்றால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்.

என் கட்சி எது என்று கேட்டால், நம் ஊருக்கு இரண்டாவது. நம்மிடம் பிள்ளைகள் வரும்போது கட்டி சிறு பலாப்பிஞ்சு அளவில் இருப்பதில்லை, வயிற்றில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை எடுத்த எடுப்பில் தொடுவது வம்பு. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை என்றால் நானும் முதல் கட்சிதான். அந்த வயதில் வரும் சிறுநீரகக் கட்டி பெரும்பாலும் வேறு சாதி. அதை எடுத்துவிட்டாலே போதும், கீமோ வேண்டியிராது.

இதையெல்லாம் ஒரு மருத்துவர் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யக்கூடாது. அதற்காக வாரம் ஒருமுறை கூடுவோம், ட்யூமர் போர்டு என்று பெயர். பெயர்தான் பெரிது; ஓர் அறை, ஒரு திரை, ஆறிய டீ. அங்கே நடப்பதைக் கொஞ்சம் கிட்டே இருந்து காட்டுகிறேன்.

ஸ்கேன் மருத்துவர் படத்தைத் திரையில் ஓட்டுகிறார். "கட்டி சிறுநீரகத்திலிருந்துதான் கிளம்புகிறது. நடுக்கோட்டைத் தாண்டவில்லை. இரத்தக் குழாய்களைச் சுற்றி வளைக்கவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறது. ஆகவே நியூரோபிளாஸ்டோமா இல்லை." (அது வேறொரு வகைக் கட்டி, பிறகு சொல்கிறேன்.) அடுத்து ஓர் இடத்தில் படத்தை நிறுத்துகிறார். "இங்கே பாருங்கள், சிறுநீரகச் சிரைக்குள் ஒரு வால்." கட்டி இரத்தக் குழாய்க்குள்ளேயே வளர்ந்துகொண்டு போகும். கீழ்ப்பெருஞ்சிரை வழியாக ஏறி, சில பிள்ளைகளுக்கு இதயத்தின் வலது மேலறை வரைகூடப் போயிருக்கும். இதைப் பார்க்காமல் சிரையில் கிளிப்பைப் போட்டால் வால் அறுந்து நுரையீரலுக்குப் போய் மேசையிலேயே உயிர் போகும். மருந்து கொடுத்தால் பெரும்பாலும் வாலும் சுருங்கும். சுருங்காவிட்டால் இதய அறுவை மருத்துவரையும் அழைக்க வேண்டும்.

மயக்க மருந்து மருத்துவர் அதிகம் பேசமாட்டார். அவர் கேட்பது மூன்றே விஷயம்: பி.பி. கட்டுக்குள் வந்ததா, இரத்தம் உறையும் சோதனை சரியாக இருக்கிறதா, எவ்வளவு இரத்தம் கையிருப்பில் இருக்கிறது. பத்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்தமே 800 மில்லி இரத்தம்தான். ஒரு காப்பி டம்ளர் அளவு சிந்தினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பெரியவர்களுக்கு அறுவை செய்து பழகிய கைக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடாது.

திசு மருத்துவர், "கட்டியை முழுசாக அப்படியே என்னிடம் அனுப்புங்கள், தியேட்டரில் வெட்டிப் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்வத்தில் வெட்டிப் பார்க்கும் அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். வெட்டிவிட்டால் உறை எங்கே முடிந்தது, கட்டி அதைத் தாண்டியதா என்று அவரால் சொல்ல முடியாது. நிலை தெரியாவிட்டால் மருந்தின் அளவும் தெரியாது.

கடைசியில், மூலையில் உட்கார்ந்திருக்கும் சமூகப் பணியாளர் வாயைத் திறப்பார். "இவங்க ஊருக்குக் கடைசி பஸ் அஞ்சரைக்கு. மருந்து ஏறி முடிய ஏழு ஆகும். ராத்திரி எங்க தங்குவாங்க? வீட்ல இன்னொரு கைக்குழந்தை இருக்கு." நிபுணர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகு வரும் இந்தக் கேள்விதான் பல பிள்ளைகளின் உயிரைத் தீர்மானிக்கிறது. இந்தக் கேள்விக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் வரலாறு. மாக்ஸ் வில்ம்ஸ் ஒரு ஜெர்மானிய அறுவை மருத்துவர். 1899இல் இந்தக் கட்டியைப் பற்றி விரிவாக எழுதினார், கட்டிக்கு அவர் பெயரே நிலைத்தது. 1918இல் ஹைடல்பெர்க் நகரில் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தார். பிரெஞ்சுப் போர்க்கைதி ஒருவருக்குத் தொண்டையில் அறுவை செய்தபோது அது தொற்றியது என்பார்கள். அவர் காலத்தில் இந்தக் கட்டி வந்த குழந்தைகளில் மிகச் சிலரே பிழைத்தார்கள். அறுவை நுட்பம் எவ்வளவு முன்னேறியும் பாதிக்கு மேல் பிழைக்க வைக்க முடியவில்லை. கத்தியால் முடிந்தது அவ்வளவுதான்.

மீதியை மருந்து செய்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற திசு மருத்துவர், இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து நோயைத் தற்காலிகமாகவேனும் பின்வாங்க வைத்து, 1948இல் அதை வெளியிட்டார். அந்த மருந்தை அவருக்குக் கொடுத்த லெடர்லே ஆய்வகக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி பக்தியில் கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை வகுப்புக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். அறுவைத் துறை தள்ளிவிட்ட ஆள்தான், கத்தியால் தீராத நோய்க்கு முதல் மருந்து தந்தவர். ஃபார்பர் அடுத்து ஆக்டினோமைசின்-டி என்ற மருந்தை வில்ம்ஸ் கட்டிக்குக் கொடுத்துப் பார்த்தார். மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து வந்த மருந்து அது. 1950களில் அறுவை, கதிர்வீச்சு, மருந்து மூன்றையும் சேர்த்தபோதுதான் பிழைப்பவர் கணக்கு மளமளவென்று ஏறியது.

இரண்டாவது மருந்து உங்கள் வாசலில் இருக்கிறது. நித்தியகல்யாணி. சிலர் சுடுகாட்டு மல்லி என்பார்கள். 1950களின் இறுதியில் கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர், சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று இந்தச் செடியை ஆராயப்போய், வெள்ளணுக்கள் சடாரென்று குறைவதைக் கண்டார்கள். அந்தச் செடியிலிருந்து பிறகு பிரிக்கப்பட்ட வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. ஒரு கிராம் மருந்துக்கு மூட்டை மூட்டையாகக் காய்ந்த இலை வேண்டும். தூத்துக்குடி, ராமநாதபுரம், திருநெல்வேலி மாவட்டத்து மானாவாரிக் காடுகளில் விளைந்து, இலையும் வேருமாக ஏற்றுமதியாகிற பயிர் இது. (ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலிகூடப் போடுவதில்லை.) வார்டில் மருந்து ஏறும் பிள்ளையின் அப்பா, "இந்த மருந்து எந்த ஊர்ச் சரக்கு சார்?" என்று கேட்டால், "உங்க ஊர்ச் சரக்குதான்" என்று சொல்லலாம்.

சரி, மருந்து கொடுத்தாயிற்று, கட்டி சுருங்கிவிட்டது. இப்போது அறுவை. தொப்புளுக்கு மேலே குறுக்காகப் பெரிய கீறல். சாவித்துளை அறுவை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இந்த நோயில் அழகான தழும்புக்கு ஆசைப்பட்டு உறையைக் கிழிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. சிறிய, நன்றாகச் சுருங்கிய கட்டிக்கு மட்டும், பழகிய கையால் செய்தால் ஒப்புக்கொள்வேன். குடலை ஒதுக்கி, சிரையை விரலால் தடவி வால் இல்லை என்று உறுதி செய்து, தமனியைக் கட்டி, பிறகு சிரையைக் கட்டி, சிறுநீரகத்தையும் கட்டியையும் ஒன்றாக, முழுதாக வெளியே எடுக்க வேண்டும். அதோடு தியேட்டரில் எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வரும். ஆனால் வேலை முடியவில்லை. பக்கத்து நிணநீர்க் கணுக்களை எடுத்துத் தனிப் புட்டிகளில் போட வேண்டும். குறைந்தது ஏழு என்பது ஐரோப்பியர் கணக்கு. கண்ணுக்கு நல்லதாகத் தெரிகிற கணுவுக்குள்ளும் புற்று ஒளிந்திருக்கலாம். களைப்பில் இதை விட்டுவிட்டால், நோய் உண்மையில் மூன்றாம் நிலையாக இருக்க முதல் நிலை என்று தவறாகக் கணக்கிட்டு, குறைந்த மருந்து கொடுத்து, ஒரு வருடம் கழித்து நுரையீரலில் நோய் திரும்பி நிற்கும். இந்த அறுவையில் அதிகம் நடக்கும் பிழை, உலகமெங்கும், கணு எடுக்காமல் விடுவதுதான்.

சில பிள்ளைகளுக்கு இரண்டு சிறுநீரகத்திலும் கட்டி வரும். இருபது பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எடுத்துவிட்டால் புற்று போகும், வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ் வரும். ஆகவே ஆறு வாரமோ பன்னிரண்டு வாரமோ மருந்து கொடுத்து, பிறகு கட்டியை மட்டும் சுரண்டியது போல எடுத்து நல்ல சதையை விட்டுவைப்போம். அமெரிக்கக் குழு ஒன்று இந்த முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்து 2017இல் வெளியிட்ட முடிவில், நான்கு ஆண்டுக்குப் பிறகு நூற்றுக்கு 95 பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். இது மணிக்கணக்காகும் அறுவை. இதைச் செய்யும் மருத்துவரை நீங்கள் தேர்ந்தெடுப்பதானால், வேகமானவரை விட்டுவிட்டுப் பொறுமைசாலியைத் தேடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது: கத்தியே எடுக்காமல் விடுவது. நியூரோபிளாஸ்டோமா என்று ஒரு கட்டி, அட்ரினல் சுரப்பியிலும் முதுகெலும்பை ஒட்டிய நரம்புகளிலும் வரும். பெரிய பிள்ளைகளுக்கு வந்தால் மிகப் பொல்லாதது. ஆனால் ஒரு வயதுக்கு உட்பட்ட சில குழந்தைகளுக்குக் கல்லீரல் வீங்கி, தோலில் நீலநீலமாக முண்டுகள் தெரிந்து, பார்க்கவே பயமாக இருந்தாலும், அது தானாகக் கரைந்துவிடும். 1971இல் ஆட்ரி எவன்ஸ், டேஞ்சியோ, கூப் என்ற மூவர் இதைத் தனி நிலையாகப் பிரித்துக் காட்டினார்கள். இதில் கூப், குழந்தை அறுவை மருத்துவர். பின்னாளில் அமெரிக்க அரசின் தலைமைச் சுகாதார அதிகாரியாகி சிகரெட் கம்பெனிகளைத் தூங்கவிடாமல் செய்தவர். கத்தி பிடிக்கிறவரே கத்தி வேண்டாம் என்று எழுதியது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

ஜப்பானில் இதன் தொடர்ச்சியாக ஒரு கதை. இந்தக் கட்டி சிறுநீரில் சில வேதிப்பொருள்களைக் கசியவிடும். முன்கூட்டிக் கண்டுபிடித்தால் நல்லதுதானே என்று 1985 முதல் நாடு முழுக்க ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். நிறையக் கட்டிகள் அகப்பட்டன. அறுவை செய்தார்கள், மருந்து கொடுத்தார்கள். ஆனால் பெரிய பிள்ளைகளில் பொல்லாத நோயால் வரும் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. கனடாவிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள் 2002இல் அதையே உறுதி செய்தன. அகப்பட்டதில் பெரும்பகுதி, விட்டிருந்தால் தானே மறைந்திருக்கக்கூடியவை. ஜப்பான் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. இவ்வளவு பெரிய திட்டத்தை, பயனில்லை என்று தெரிந்ததும் வெளிப்படையாகக் கைவிட்ட அந்த அரசை மெச்ச வேண்டும். 'முழு உடல் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தள்ளுபடி' என்று விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜப்பான் ஞாபகம் வரும்.

பிழைத்தால் போதுமா? போதாது என்று 1970களிலேயே வலியுறுத்தியவர் நான் சொன்ன அதே டேஞ்சியோ. அவர் கதிர்வீச்சு மருத்துவர். வயிற்றின் ஒரு பக்கம் கதிர் கொடுக்கும்போது முதுகெலும்பில் பாதி மட்டும் பட்டால், பட்ட பக்கம் வளராமல் நின்று, படாத பக்கம் வளர்ந்து, பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் முதுகு கோணிவிடும். அதனால் எலும்பின் முழு அகலத்துக்கும் கதிர் படும்படி வைப்பார்கள். பிள்ளை கொஞ்சம் குட்டையாகலாம், ஆனால் நேராக வளரும். குழந்தை மருத்துவத்தில் செய்கிற ஒவ்வொன்றுக்கும் பதினைந்து ஆண்டு கழித்து வரும் விளைவையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கல்லீரலில் வரும் ஹெபடோபிளாஸ்டோமா கட்டிக்கு சிஸ்பிளாட்டின் கொடுப்போம். அருமையான மருந்து, ஆனால் காதைக் கெடுக்கும். பேசக் கற்கும் வயதில் காது போனால் பேச்சும் போகும், படிப்பும் போகும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சிஸ்பிளாட்டின் ஏற்றி ஆறு மணி நேரம் கழித்து சோடியம் தயோசல்பேட் கொடுத்தார்கள். காது கேட்காமல் போன பிள்ளைகள் நூற்றுக்கு 63 என்பதிலிருந்து 33 ஆகக் குறைந்தார்கள். புற்றுநோய் குணமாவது குறையவில்லை. பழைய ஸ்டூடியோக்காரர்கள் இங்கே இருந்தால் இந்தப் பொருளை அறிவார்கள். இருட்டறையில் பிலிம் கழுவப் பயன்பட்ட ஹைப்போ இதுதான்.

இப்போது சமூகப் பணியாளரின் கேள்விக்கு வருகிறேன். உலகில் ஆண்டுக்கு 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் முப்பதைத் தொடுவதே கஷ்டம். 2018இல் அந்நிறுவனம் ஒரு திட்டம் அறிவித்தது: 2030க்குள் உலக அளவில் நூற்றுக்குக் குறைந்தது 60 பேராவது பிழைக்க வேண்டும். குறிப்பாகக் கவனிக்க எடுத்துக்கொண்ட ஆறு நோய்களில் வில்ம்ஸ் கட்டியும் ஒன்று.

நம்மிடம் மருத்துவம் இல்லாமல் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில், நாட்டிலேயே முன்னோடியாக 1960இல் குழந்தைகளுக்கென்று தனி வார்டு வந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. பிறகு ஏன் பிள்ளைகளை இழக்கிறோம்? பாதியில் நின்றுவிடுகிறார்கள். அறுவை முடிந்து வயிறு தட்டையாகிவிடும். பிள்ளை இட்லி கேட்கும். ஓடி விளையாடும். வீட்டுக்கு நோய் போய்விட்டதாகத்தான் தெரியும். அதற்குப் பிறகு நாலரை மாதமோ ஆறு மாதமோ மருந்து ஏற்ற வரவேண்டும் என்று நாம் சொல்வதும், மருந்து ஏற்றினால் முடி கொட்டிப் பிள்ளை வாடுவதும் அவர்கள் கண்ணுக்கு, நன்றாக இருக்கும் பிள்ளையை நாம் கெடுப்பதாகவே படும். காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும். பஸ் காசையும், அப்பாவின் போன கூலியையும், வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தையையும் அது பார்த்துக்கொள்ளாது.

தானே மறையும் கட்டியை அடையாளம் காட்டிய மூவரில் ஆட்ரி எவன்ஸ் என்ற பெண்மணியைச் சொன்னேன் அல்லவா? பிலடெல்ஃபியாவில் வார்டு வராந்தாவில் பெற்றோர் படும் பாட்டைப் பார்த்து, 1974இல் அவர்கள் தங்க ஒரு வீடு கிடைக்கும்படி செய்தவர்களில் முதன்மையானவர் அவர். அது பிறகு பல நாடுகளில் பெருகியது. நம் நாட்டில் செயின்ட் ஜூட் இந்தியா என்ற அமைப்பு 2006இல் மும்பையில் தொடங்கி, சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்கு இலவசமாகத் தங்க இடம் கொடுக்கிறது. சென்னையிலும் இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, பூட்டிக்கொள்ள ஒரு அலமாரி. சிகிச்சையில் இதையும் ஒரு மருந்தாகச் சேர்த்துத்தான் நான் எழுதுவேன்.

கடைசியாக உங்களிடம் கேட்க வேண்டியவை.

ஆசிரியர்களே, முடி கொட்டிய பிள்ளை திரும்ப வகுப்புக்கு வந்தால் பக்கத்தில் மற்ற பிள்ளைகளை உட்கார வையுங்கள், இது ஒட்டாது. ஆனால் வகுப்பில் எவருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றே அந்தப் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். மருந்து ஏறும் பிள்ளைக்கு அம்மை உயிருக்கே ஆபத்து. உடனே தெரிந்தால் தடுக்க ஊசி இருக்கிறது. அம்மன் வந்திருக்கிறாள் என்று மறைத்தால் எங்களுக்கு நேரம் கிடைக்காது.

கிராம சுகாதாரச் செவிலியர்களே, கீமோ எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மெடிக்கல் ஷாப் சிரப்பைக் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்று விடாதீர்கள். வெள்ளணு கவுன்ட் இறங்கியிருக்கும்போது ஓர் இரவே அதிகம். 108ஐக் கூப்பிட்டு, ஃபைலோடு அனுப்புங்கள்.

அந்த ஃபைலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு போகிறவர்கள் நீங்கள். வயிற்றில் குறுக்காகத் தழும்புள்ள பிள்ளையைப் பார்த்தால் ஃபைலை வாங்கி, அடுத்த தேதி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் திட்டாதீர்கள், காரணம் கேளுங்கள். முதல் பக்கத்திலேயே வார்டு போன் நம்பர் எழுதியிருக்கும். அங்கே இருந்தபடியே ஒரு போன் போட்டு, "இந்தப் பிள்ளை வரலை, இன்ன காரணம்" என்று சொல்லுங்கள். மறுமுனையில் இருக்கும் சமூகப் பணியாளர் மீதியைப் பார்த்துக்கொள்வார்.